இரண்டாவது கை

புக்கிட் பாத்தோக்,
10-3-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

அற்புதம் எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். துபாய் வெயில் உங்களை என்ன பாடு படுத்துகிறது என்று அம்மா கேட்கிறாள். புது வீட்டில் லிஃப்ட் இருப்பதால் அவளுடைய முட்டி வலி பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி, ஆஃபிர் ரோட்டு மாதா கோயிலுக்குப் பஸ் மாறிப் போகும்போது வந்துவிடுகிறது. நூர்தீன் பாய் ஸ்டுடியோவில் என் வேலை அப்படியே இருக்கிறது. காலையில் கல்யாணப் படங்களைக் கழுவுகிறேன், மாலையில் பாஸ்போர்ட் படங்களை வெட்டுகிறேன்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் போன பிறகு நான் நீச்சல் மட்டும் பழகவில்லை. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கவும் பழகினேன். சான்றிதழும் வாங்கிவிட்டேன். உங்களுக்கு எழுதவேண்டாம் என்று சொன்னவள் அம்மா. இப்போது உங்கள் உதவி தேவைப்படுகிறது, அதனால் எழுதுகிறேன். போலியோ வந்த என் வலக்கை தண்ணீரில் எனக்குப் பாரமாக இல்லை. அது பாட்டுக்கு மிதந்துகொண்டு கூட வருகிறது. நீந்துவது காலால்தானே.

சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளில் மண் கொட்டிக் கடலை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் எந்த இடத்தில் என்ன பவளம் இருக்கிறது என்று படம் எடுத்து வைக்க ஒரு குழு கிளம்பியிருக்கிறது. ஞாயிறுதோறும் படகு. (நான் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுகிறேன்.) குழுத் தலைவர் பாலகிருஷ்ணன், பள்ளியில் அறிவியல் ஆசிரியர். நல்ல மனிதர். நல்ல மனிதராகவே என்னிடம் சொன்னார்: "நீங்க வாங்க மிஸ் மேரி, ஆனா கேமரா வேண்டாம். உங்களுக்கு இருக்கறது ஒரு கை. அதுல கேமராவப் பிடிச்சா வேற எதையும் பிடிக்க முடியாது. ரிஸ்க் லா. போட்ல உக்காந்து ஃபிலிமுக்கு லேபிள் ஒட்டுங்க."

நான் லேபிள் ஒட்டப்போவதில்லை.

ஊருக்குத் திரும்பிய டென்மார்க்காரர் ஒருவரிடம் ஒரு சின்னக் கேமராவும், அது உள்ளே உட்காரும் தண்ணீர் புகாத பெட்டியும், ஒரு ஃப்ளாஷும் வாங்கினேன். இன்னொரு ஃப்ளாஷ் சுங்கை ரோட்டுச் சந்தையில் கிடைத்தது. இரண்டையும் பெட்டியின் இரு பக்கமும் தள்ளி நிறுத்தவேண்டும். அதற்கு அடியில் ஒரு தகடு, தகட்டின் நடுவில் ஒரு கைப்பிடி, இருபுறமும் மூட்டு வைத்த அலுமினியக் கை ஒவ்வொன்று. படம் பிடிக்கும் விசை பெட்டியின் வலப்பக்கம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பியைக் கைப்பிடிக்குக் கொண்டுவர வேண்டும். கடையில் விற்பதெல்லாம் இரண்டு கைக்காரர்களுக்குச் செய்தது. அளவு போட்டு வரைந்து வைத்திருக்கிறேன். நீங்கள் கடைசல்காரர். செய்து தாருங்கள்.

திட்டு வரும் என்று தெரியும். திட்டிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் தங்கை
அற்புதமேரி


துபாய்,
2-4-1985

அன்புள்ள தங்கை அற்புதத்துக்கு,

அண்ணன் சிலுவைராஜ் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கப்பல் பட்டறையில் வேலை நிறைய. என்னோடு அறையில் இருக்கும் பினாங்குக்காரர் ஹனீபா நன்றாகச் சமைக்கிறார். அம்மாவின் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புவேன்.

நீ கேட்டது முடியாது.

உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஆஸ்பத்திரிக்குள் என்னை விடவில்லை. உன் பாவாடையைத் துவைத்துக்கொண்டு வந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவேன். நான் அங்கே இருந்தவரை, நீ பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகுதான் நான் ஏறுவேன். கடலுக்கு அடியிலா? கயிறு சிக்கினால் எந்தக் கையால் அவிழ்ப்பாய்?

மூவாரில் ஒரு வரன் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடக் குமாஸ்தா, பூசைக்குத் தவறாதவர். உன் கையைப் பற்றிச் சொன்னேன், சம்மதம் என்கிறார்கள். இந்தக் கடல் கதை அவர்கள் காதுக்குப் போகவேண்டாம். உனக்கு முடித்துவிட்டுத்தான் நான் என் கல்யாணத்தை நினைக்கமுடியும். எனக்கும் வயது ஏறுகிறது.

இன்னொன்று கேட்கிறேன். இரண்டு ஃப்ளாஷ் எதற்கு? கல்யாண வீட்டில் ஒன்றை வைத்துத்தானே எல்லாம் எடுக்கிறார்கள்?

அம்மாவைக் கவனித்துக்கொள்.

அண்ணன்
சிலுவைராஜ்


புக்கிட் பாத்தோக்,
21-4-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

அற்புதம். இங்கே எல்லோரும் சுகம், என் கோபம் உட்பட.

மூவார்க்காரர்களின் சம்மதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கீறல் விழுந்த கண்ணாடியைப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் மாதிரி இருக்கிறது. வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். கடல் கதையையும் சேர்த்து எழுதினால் உங்கள் வேலை சுலபமாகும். உங்கள் கல்யாணத்தை என் கழுத்தில் கட்டாதீர்கள். உங்களுக்குப் பிடித்தவளைப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள், நான் முதல் வரிசையில் நின்று பாடுகிறேன்.

இரண்டு ஃப்ளாஷ் எதற்கு என்று கேட்டீர்கள். திட்டின பிறகும் கேட்டீர்கள், அதற்குச் சந்தோஷம். கல்யாண வீட்டில் நடுவில் இருப்பது காற்று. சிங்கப்பூர்க் கடல் பால் விட்ட தேத்தண்ணீர். என்னோடு பயிற்சி எடுத்த இரண்டு சீனப் பெண்களும் நானும் தனியாகப் படகு பிடித்துப் போய் ஒரு ஃப்ளாஷை வைத்துப் பார்த்தோம். பெட்டியோடு ஒட்டி வைத்து அடித்தால், மிதக்கும் தூசியெல்லாம் வெளிச்சம் வாங்கிக்கொண்டு படம் முழுக்கப் பொரி கொட்டினதுபோல வருகிறது. இடப்பக்கம் தள்ளி வைத்தால் தூசி குறைகிறது, ஆனால் பவளத்தின் வலப்பாதி கரியாகிவிடுகிறது. இரண்டை இரு பக்கமும் தள்ளி நிறுத்தி, முகத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்தால், வெளிச்சத்தின் ஓரங்கள் மட்டும் பவளத்தின் மேல் வந்து சேரும். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் தூசிக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது ஃப்ளாஷுக்கு ஒயர்கூட வேண்டாம். முதலாவது அடிப்பதைப் பார்த்து அந்தக் கணமே தானும் அடிக்கும். கடைக்காரர்கள் அதை ஸ்லேவ், அதாவது அடிமை, என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி என்று கூப்பிடுகிறேன்.

இது படத்துக்கான காரணம். எனக்கான காரணம் வேறு. ஒரு பக்கம் மட்டும் ஃப்ளாஷ் இருந்தால் கேமரா அந்தப் பக்கமே சாய்கிறது. மற்றவர்கள் இன்னொரு கையால் நிமிர்த்திக்கொள்வார்கள். என் மணிக்கட்டு கொஞ்ச நேரத்தில் விட்டுப்போகிறது. இரண்டு பக்கமும் ஒரே பாரம் இருந்தால் நடுவில் ஒரு கை போதும். அந்த ஒரு கை என்னிடம் இருக்கிறது.

கயிறு சிக்கினால் என்ன செய்வேன் என்றீர்கள். கேமராவை மாட்ட என் இடுப்பில் ஒரு கொக்கி இருக்கிறது. அதில் மாட்டிவிட்டு அவிழ்ப்பேன்.

நீங்கள் செய்யாவிட்டால் ரோவல் ரோட்டுச் சைக்கிள் கடையில் செய்யக் கொடுப்பேன். பெடலைக் கழற்றி மாட்டுகிற கையால் அவர் என்ன செய்து தருகிறாரோ அதைக் கொண்டு இறங்குவேன்.

வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அற்புதமேரி


துபாய்,
20-7-1985

அற்புதத்துக்கு,

நலம். அம்மாவுக்குத் தைலம் இதோடு வருகிறது. இத்தனை நாள் எழுதவில்லை, எழுத மனம் வரவில்லை. மூவாருக்கு எழுதிவிட்டேன்.

சைக்கிள் கடைக்காரன் செய்ததை நம்பி நீ கடலில் இறங்குவாய் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. தகடு, கைப்பிடி, இடப்பக்கத்துக் கை மூன்றும் முடிந்தன. லீவில் வருகிறவரிடம் கொடுத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேனைக் கேட்டுக்கொண்டு மெஷினில் போடுகிறேன். அவர் ஒன்றும் சொல்வதில்லை, தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்.

நம் தோள் மூட்டு மாதிரி உருண்டை வைத்துக் கடைந்திருக்கிறேன், எந்தப் பக்கமும் திரும்பும். நட்டுக்கு இரண்டு காது வைத்திருக்கிறேன், இடக்கை விரல்களாலேயே திருகலாம். ஓரம் எல்லாவற்றையும் அரத்தால் வழித்துவிட்டேன், கீறாது. ஏறியதும் நல்ல தண்ணீரில் ஊறப்போடு. இல்லாவிட்டால் எஃகு ஆணியும் அலுமினியமும் உப்பில் ஒன்றையொன்று தின்னும்.

வலப்பக்கத்துக் கையை அடுத்து அனுப்புகிறேன். நான் சம்மதித்துவிட்டதாக நினைக்காதே.

சிலுவைராஜ்


புக்கிட் பாத்தோக்,
1-9-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க மணக்கிறாள். நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

நீங்கள் சம்மதிக்காமல் செய்த கை இவ்வளவு அழகாக இருக்கிறதே, சம்மதித்துச் செய்தால் எப்படி இருக்கும்? கைப்பிடியில் விரல் பதிய நாலு பள்ளம் எடுத்திருக்கிறீர்கள். நான் கேட்கவில்லை. என் விரல் அதில் சரியாக உட்கார்ந்தது. வைத்த விரலை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஒரு கையை மட்டும் மாட்டிக் கொண்டுபோனேன். எதிர்பார்த்தபடியே சாய்ந்தது. அதைவிடக் கெட்ட சேதி, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மூடியின் ரப்பர் வளையத்தில் என் தலைமுடி ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், அந்த ஒரு முடி போதும். நூர்தீன் பாய் கேமராவை வாங்கிப் பிரித்து, அலசி, ஹேர் டிரையர் காற்றில் காயவைத்து, இரண்டு நாள் கடையைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. உயிர் வந்துவிட்டது. "இனி தண்ணிக்குள்ள போறப்ப மொட்டை அடிச்சுக்கிட்டுப் போம்மா" என்றார்.

பாலகிருஷ்ணன் காதுக்கு எப்படியோ சேதி போய்விட்டது. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். "பாத்தேன் சார். இனி முடியத் துணியால கட்டிக்கிட்டு மூடிய மூடுவேன்" என்றேன்.

இரண்டாவது கை எப்போது வரும்?

அற்புதமேரி


புக்கிட் பாத்தோக்,
8-12-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

செப்டம்பரில் எழுதினேன், அக்டோபரில் எழுதினேன். பதில் இல்லை. நீங்கள் சுகமா என்று இந்த முறை நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

வலப்பக்கத்துக் கை வந்து சேர்ந்தது. ஒரு துவாலையில் சுற்றி, ஒரு வரிகூட இல்லாமல். கொண்டுவந்தவர் உங்களைப் பார்க்கவில்லையாம், வேறொருவர் கொடுத்தாராம். பிரித்து எடுத்தபோது அதன் ஓரம் என் விரலைக் கீறிவிட்டது. உருண்டை உங்கள் வேலை, சந்தேகமில்லை. மற்றது உங்கள் வேலை இல்லை. துளை கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. அரம் போட்டவருக்கு அரத்தைப் பிடிக்கத் தெரியவில்லை. ஏன்?

நூர்தீன் பாயிடம் அரம் வாங்கி ஓரத்தை நானே வழித்தேன். மாட்டினேன். மூன்று வாரம் முன்னால் ஒரு ஞாயிறு, புலாவ் ஹந்து தீவருகே இறங்கினேன். கேமரா எந்தப் பக்கமும் சாயவில்லை அண்ணா. தராசு மாதிரி என் கையில் நின்றது. விசையை அழுத்தினேன், இரண்டும் சேர்ந்து அடித்தன. ஒரு படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் பவளத்தை மனிதர் ஒருவரால் கட்டிப்பிடிக்க முடியாது, அவ்வளவு பெரியது. அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பாருங்கள்.

பாலகிருஷ்ணன் நீண்ட நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா ரூல் ரூல்தான் மிஸ் மேரி" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அவருடைய படகுக்குப் பின்னாலேயே தனிப் படகில் போய் அதே இடத்தில் இறங்கினோம், நானும் அந்த இரண்டு சீனப் பெண்களும். கடல் அவருடையது இல்லை.

ஒரு வரி எழுதுங்கள். திட்டாவது எழுதுங்கள்.

அற்புதமேரி


துபாய்,
30-12-1985

அன்பான தங்கைக்கு,

சிலுவைராஜ் சொல்லச் சொல்ல ஹனீபா எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கு யாவரும் நலம். அங்கு தாயாரும் தாங்களும் நலமாக இருக்க துவா செய்கிறோம்.

தங்கள் அண்ணனுக்கு வேலை மிக அதிகம். இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறார். எழுத நேரமில்லாததால் என்னை எழுதச் சொன்னார். இரண்டாவது கையை அவசரத்தில் செய்தபடியால் ஓரம் சரியாக வரவில்லை, மன்னிக்கவும் என்று சொல்கிறார். அனுப்பிய படம் கிடைத்தது. அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அம்மாவுக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்கிறார், தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்கிறார்.

கடலில் கவனமாக இருக்கவும்.

இப்படிக்கு,
சிலுவைராஜுக்காக ஹனீபா


புக்கிட் பாத்தோக்,
12-1-1986

அண்ணா,

அம்மா சுகம். நான் சுகமில்லை.

ஹனீபா அண்ணன் நல்லவர், ஆனால் பொய் எழுதத் தெரியாதவர். நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருக்கிறார், அதுவும் ஒரே கடிதத்தில் இரண்டு முறை. வேலை அதிகம் என்றால் நீங்கள் நாலு வரி எழுதுவீர்கள். இன்னொருவர் கையால் எழுதமாட்டீர்கள்.

முழுக்கைச் சட்டை போட்டு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஆள் வந்தால் இடப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, பள்ளிக்கூடக் காலம் முழுவதும் என் கையை மறைத்தவள் நான். இன்னொருவர் மறைப்பது எனக்குத் தெரியாதா?

மூன்று கேள்வி. எந்தக் கை? எவ்வளவு போயிற்று? என் வேலை செய்யும்போதா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஹனீபா அண்ணன் எழுதிய பதிலை நான் பிரிக்கமாட்டேன். நீங்கள் எழுதுங்கள். வலக்கை என்றால் இடக்கையால் எழுதுங்கள். தாளின் தலையை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து வையுங்கள், அப்போது எழுதினது மேல் கை உரசாது. பேனா வேண்டாம், பென்சில். கோணலாக வரட்டும். எனக்குப் படிக்கத் தெரியும்.

அற்புதம்


துபாய்,
9-3-1986

அற்புதத்துக்கு,

இதை எழுதப் பல நாள் ஆயிற்று. தாளைச் சாய்த்து வைத்தேன்.

வலக்கை. பெருவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவில் மூன்றும் இல்லை. புண் ஆறிவிட்டது. ஆமாம், உன் வேலை செய்யும்போது.

மெஷினின் பாதுகாப்பு மூடி உடைந்து போய்ப் பல மாதம். எல்லோரும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். உருண்டையை முடித்துவிட்டு மறு முனையைத் திருப்பி மாட்டினேன். அதற்கு மேல் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. பாதியில் நின்ற அலுமினியக் கையை எடுத்துவைத்தவர் ஹனீபா. அவர் ஸ்டோரில் வேலை பார்ப்பவர், அரம் பிடித்ததில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரே ராவி முடித்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பிள்ளை காத்திருக்கும் என்றாராம்.

கம்பெனி ஒரு தாளை நீட்டுகிறது. அனுமதியில்லாமல் சொந்த வேலை செய்தேன், என் கவனக்குறைவால் நடந்தது என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஊருக்கு டிக்கெட். ஃபோர்மேனோ, நான் அவரிடம் அனுமதி கேட்கவே இல்லை என்கிறார். அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம். எனக்குச் சலித்துவிட்டது. போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறது.

சொல்லாததற்குக் காரணம் நீதான். சொன்னால் கேமராவைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாய் என்று நினைத்தேன். கடலே வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். ஆனால் அந்தப் படத்தைத் தினமும் பார்க்கிறேன். ஒரு பக்கமும் இருட்டாக இல்லை.

அம்மாவிடம் நீயே சொல்.

அண்ணன்


புக்கிட் பாத்தோக்,
23-3-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டுடியோ இருட்டறையில் சிவப்பு விளக்கில் படித்தேன். நன்றாக அழுதேன். நூர்தீன் பாய் கதவைத் தட்டி, ஒரு தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அழுததை எழுதியாயிற்று, இனி மேலே போகிறேன்.

கேமராவை நிறுத்தமாட்டேன். என்னால் உங்கள் விரல் போயிற்று என்ற நினைப்பு இனி என்னோடுதான் இருக்கும். அது என் பாரம், நான் சுமப்பேன். அதற்காகக் கரையில் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் எதற்காகப் போயிற்று என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.

கையெழுத்துப் போடாதீர்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் இருக்கட்டும். உங்கள் இடக்கை போடப்போகும் முதல் கையெழுத்து ஒரு பொய்க்குக் கீழே இருக்கக்கூடாது. ஃபோர்மேன் தலையாட்டியதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். மூடியில்லாத மெஷினில் நின்றவர்களும் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். ஒருவரும் வரமாட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு, "எம் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு கை இருக்கில்ல? போதும், வரச் சொல்லு" என்றாள். "ரெண்டும் இடக்கைம்மா" என்றேன். "அதனால என்ன?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே என்ன செய்தாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இங்கேயும் ஒரு சேதி. ஞாயிறுதோறும் எங்கள் படகு பின்னால் வருவதைப் பார்த்துப் பார்த்து பாலகிருஷ்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். நீச்சல் குளத்தின் அடியில் கேமராவோடு இருக்கும்போது முகமூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, உள்ளே புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றிக் காட்டவேண்டும். கேமராவை இடுப்புக் கொக்கியில் விட்டேன். அது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பக்கத்திலேயே தொங்கியது. காட்டினேன். "பாஸ்" என்றார். "இந்த டெஸ்ட்ட மத்தவங்களுக்கும் வைப்பீங்களா சார்?" என்று கேட்டேன். முகம் மாறியது. ஆனால் அடுத்த வாரம் எல்லோருக்கும் வைத்தார். இரண்டு பேருக்கு வரவில்லை. அவர்களுக்கு இப்போது அவரே சொல்லிக்கொடுக்கிறார். நான் அவருடைய படகில் போகிறேன்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று இன்னொரு முறை எழுதுகிறேன்.

அற்புதமேரி


துபாய்,
20-7-1986

அன்புள்ள அற்புதத்துக்கு,

நலம். அம்மாவுக்கும் உனக்கும் என் அன்பு. இந்த எழுத்து முன்னைவிடப் பரவாயில்லை என்று ஹனீபா சொல்கிறார். சட்டைப் பொத்தானை மட்டும் இன்னும் அவர்தான் போட்டுவிடுகிறார்.

போடவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்கள், மூன்று முறையும் போடவில்லை. சம்பளத்தை நிறுத்தினார்கள். அறையில் இருப்பவர்கள் சோறு போட்டார்கள். நீ சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஹனீபா தனியாகப் போய் ஆபீஸில் நின்று, "நான் பார்த்தேன், ஃபோர்மேன் தலையாட்டினார்" என்றார். அதன் பிறகு ஒரு பங்களாதேஷ்காரர் போனார். பிறகு இரண்டு மலையாளிகள். கடைசியில் ஃபோர்மேனே போய், ஆமாம் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுத் தாள் அடித்துக் கொடுத்தார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தை அதில் இல்லை. எல்லா மெஷினுக்கும் மூடி வந்துவிட்டது. இடக்கையால் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் எனக்கே புதிதாக இருந்தது.

இனிக் கடைசல் வேலை இல்லை. என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. யாரும் யோசனை சொல்லவேண்டாம், கொஞ்ச நாள் நானே யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் பதினேழு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. ஏர்போர்ட்டுக்கு நீ வராதே. அன்றைக்கு உனக்குப் படகு இருக்கும். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு டாக்ஸியில் வருவேன். எனக்காக நீ படகை விட்டாய் என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவேன்.

அண்ணன்
சிலுவைராஜ்


புக்கிட் பாத்தோக்,
17-8-1986, காலை

அண்ணா,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. மாலையில் நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன். இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நீங்கள் சொன்னபடி படகுக்குப் போகிறேன். இன்றைக்கு இறங்கும் இடத்தில் வருகிற மாதம் மண் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே ஆறடி உயரத்துக்கு விசிறிப் பவளம் ஒன்று இருக்கிறதாம். அது இருந்தது என்று யாராவது காட்டவேண்டும். நீங்கள் வந்திறங்கும் நேரத்தில் நான் அதன் முன்னால் இருப்பேன்.

மீன் கறி அடுப்பில் இருக்கிறது. அம்மா நேற்றிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களைக் கண்டதும் அழுவாள், அழட்டும். சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட வருவாள். தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்து உட்காருங்கள். சிந்தும். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

குளித்துவிட்டு வந்ததும் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடவும் வருவாள். விடாதீர்கள். ஒரு கையால் போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது, கீழேயிருந்து ஆரம்பிக்கவேண்டும். நான் வந்து காட்டுகிறேன். அதுவரை சட்டை திறந்தே கிடக்கட்டும்.

அற்புதம்